பலாலிக்கும் மட்டக்களப்புக்கும் எவ்வளவு தூரம்?

பலாலி விமான நிலையத்திலிருந்து மட்டக்களப்பு விமான நிலையத்துக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 290 கிலோ மீற்றர். பழைய கணக்கிற் கூறுவதாயின் 180 மைல். விமானிகளின் கணக்கில் 157 கடல் மைல். பன்னிரண்டு பேரளவில் ஏற்றிச் செல்லும் ‘செஸ்னா கரவான்’ என்ற சிறிய விமானம் மணிக்கு 300 கிலோ மீற்றர் வேகத்திற் பறப்பது. அதற்கு இத்தூரம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட வேலை. எழுபது பேரை ஏற்றும் ‘ஏ.டி.ஆர். 72’ ரக விமானத்துக்கோ, தரையில் உருண்டோடும் நேரத்தையும் மேலேறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தாலும், ஐம்பது நிமிடம் போதும்.

இது வெறும் கணக்கு. கல்முனைச் சந்தையடியில் நிற்கும் ஒருவரை, யாழ்ப்பாணம் போக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். கிலோ மீற்றரிலும் நிமிடத்திலும் அவர் விடை கூறமாட்டார். ‘ஓர் இரவு’ என்பார். அந்த விடைதான் உண்மையான விடை. ஐம்பது நிமிடத்துக்கும் ஓர் இரவுக்கும் இடையிலே கிடக்கும் வித்தியாசத்தைப் பூமியின் அமைப்பு உண்டாக்கவில்லை. மலையோ கடலோ உண்டாக்கவில்லை. கொழும்பிலே இருந்து வழிகளை வகுத்தவர்கள் உண்டாக்கினார்கள். இதைத் தமிழ் பேசும் மக்கள், குறிப்பாக அம்பாறைக் கரையோரத்து மக்கள், இன்று ஆராய்ந்து கேட்கவேண்டிய காலம் வந்துள்ளது என்பது நமது எண்ணம்.

தரைவழியை முதலில் நோக்குவோம். கல்முனையில் ஏறும் பயணி மட்டக்களப்புக்கு வந்து, வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை என்று மேற்கே போய், பின்னர் வவுனியா, கிளிநொச்சி என்று வடக்கே திரும்புகிறார். புகையிரதத்தை நம்புவோர் கதி இதனினும் விசித்திரமானது. மட்டக்களப்புப் பாதை மாகோச் சந்தியில்தான் வடபாதையோடு கூடுகிறது. ஆகவே வடமேற்கே போகவேண்டியவர் மேற்கே மாகோ வரையில் போய், அங்கே வண்டி மாறி, அநுராதபுரம் வழியாக மீண்டும் வடக்கே ஏறவேண்டும். வீட்டின் முன்வாயிலிலிருந்து பின்கட்டுக்குப் போக, அடுத்த தெருவைச் சுற்றி வரச் சொல்வது போன்றது இந்த ஏற்பாடு. கல்முனையாருக்கு இந்தச் சுற்றுக்கூடச் சொந்த ஊரிலிருந்து கிடைப்பதில்லை. 1920ஆம் ஆண்டுகளின் இறுதியில் மட்டக்களப்பை அடைந்த இருப்புப் பாதை அங்கேயே நின்றுவிட்டது. காரைதீவையும் நிந்தவூரையும் அக்கரைப்பற்றையும் பொத்துவிலையும் அது இந்நாள்வரை கண்டதில்லை.

வானத்திலாவது வழி நேராயிருக்கலாமே என்று நினைக்கத் தோன்றும். காற்றிலே தண்டவாளம் போடவேண்டியதில்லை. காணி சுவீகரிக்க வேண்டியதில்லை. ஆயினும் வானத்து வழிகளும் தரை வழிகளைப் போலவே கொழும்பை நோக்கியே வளைக்கப்பட்டிருக்கின்றன. பலாலியிலிருந்து இரத்மலானைக்கு விமானம் பறக்கிறது. மட்டக்களப்பிலும் கொழும்புப் பக்கத்திலிருந்து வரும் சிறு விமானம் இறங்கி ஏறுகிறது. பலாலியையும் மட்டக்களப்பையும் நேரே இணைத்துக் கால அட்டவணைப்படி பறக்கும் பயணி விமானம் இல்லை.

இந்த நாட்டின் வான்போக்குவரத்துச் சரித்திரம் இப்படித் தொடங்கவில்லை என்பதையும் வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று. ‘ஏர் சிலோன்’ நிறுவனத்தின் முதற் சேவை 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றது. அஃதாவது, சுதந்திரம் கிடைப்பதற்கு முன்னரே வட இலங்கை சர்வதேச வான்வழியில் ஒரு படிக்கட்டாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை அமைத்துவிட்டுப்போன பலாலித் தளந்தான் அதற்கு உதவியது. கிழக்கிலே, 1949இல் கல் ஓயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு அணை எழுந்த காலத்தில் அம்பாறைப் பகுதிக்கு விமானத் தளம் ஒன்று வந்தது. உகணையில் இருக்கும் அத்தளத்தைச் சர்வதேசக் குறியீட்டில் இன்றும் ‘ஜீ.ஓ.வை.’ என்ற மூன்று எழுத்தால் வழங்குகிறார்கள். கல் ஓயாவின் பெயர் அது. மட்டக்களப்பிலும் தளம் அமைந்தது. பின்னர் ‘ஏர் சிலோன்’ 1979இல் மறைந்தது, போர் வந்தது, தளங்கள் யாவும் படையினர் கைக்குச் சென்றன. பயணி விமானம் பறந்த காலத்தை நினைவுகூருவோர் முதியோர் மட்டுமே என்ற நிலை ஏற்பட்டது.

போர் ஓய்ந்து ஒன்பது ஆண்டுகளின் பின், 2018 மார்ச்சில், மட்டக்களப்பு சிவில் உள்நாட்டு விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது. 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி ‘யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்’ என்ற பெயர் பெற்றது. சென்னையிலிருந்து வந்த சேவை கொரோனாவினால் 2020இல் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் ‘இண்டிகோ’ நிறுவனமும் சென்னை - யாழ்ப்பாணச் சேவையை ஆரம்பித்தது. நாடா வெட்டிய மந்திரிமார் பேசிய பேச்சுக்களுக்குக் குறைவில்லை. ஆனால் இரு நிலையங்களையும் ஒரு கோட்டினால் இணைத்துப் பார்க்க வேண்டுமென்று அந்த மேடைகளில் எவருக்கும் தோன்றாதது வியப்பே.

அக்கோட்டை நாம் இழுத்துப் பார்ப்போம். அதை வடக்கே நீட்டிச் சென்னை வரையிற் கொண்டுபோவோம். பலாலியிலிருந்து சென்னை ஏறத்தாழ 355 கிலோ மீற்றர். மட்டக்களப்பு - பலாலி 290. இரண்டையும் கூட்டினால் 645. இப்பொழுது கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு உள்ள தூரத்தைப் பாருங்கள்: ஏறத்தாழ 643. இரண்டும் ஒன்றே! மட்டக்களப்பிலிருந்து சென்னைக்கு நேர்கோடு இழுத்தால் அது 610 கிலோ மீற்றர் அளவிலேயே நிற்கிறது. கட்டுநாயக்காவிலும் முப்பது கிலோ மீற்றருக்கு மேல் குறைவு. இதன் பொருள் யாது? வைத்தியத்துக்காகவோ வியாபாரத்துக்காகவோ சென்னைக்குப் போகும் சாய்ந்தமருதுக் குடும்பம் ஒன்று, தன் வாசலிலிருந்து நாற்பது கிலோ மீற்றரில் ஒரு விமான நிலையம் இருக்க, இரவு முழுதும் பஸ்ஸிலோ வாடகை வானிலோ குலுங்கி நாட்டின் மறுகரைக்குப் போய், சென்னைக்குக் கிஞ்சித்தும் கிட்டாத ஓரிடத்தில் நின்று விமானம் ஏறுகிறது. நோயாளியைப் படுக்கவைத்துக் கொண்டுபோவோர் இந்தக் கணக்கை நம்மிலும் நன்றாக அறிவர். இரவுச் செலவு எட்டு ஒன்பது மணி நேரம். நிலையத்திலே காத்திருப்பு மூன்று மணி நேரம். பறப்பது ஒன்றேகால் மணி நேரம். பறக்கும் நேரத்தைப்போல் ஒன்பது மடங்கு நேரம் பறப்பதற்கு ஆயத்தம் செய்வதிலேயே போகிறது.

விமானப் பயணத்தின் இயல்பு ஒன்றை விளக்கிவிட்டால் மேலே சொல்லப்போவது எளிதில் விளங்கும். தூரம் எவ்வளவாயினும் விமானம் ஒவ்வொரு முறையும் தரையில் உருளவேண்டும், உயர ஏறவேண்டும், தளத்தைச் சுற்றி வந்து இறங்கவேண்டும். இதற்கு ஒரு கால் மணி நேரம் கட்டாயம் கழியும். பயணியும் ஒரு மணி நேரம் முன்னதாகவே நிலையத்துக்கு வரவேண்டும். ஆகவே மிகக் கிட்டிய இரு ஊர்களுக்கிடையே விமானம் விடுவதில் இலாபம் இல்லை; காரில் போகிறவர் முந்திவிடுவார். உகணைத் தளமும் மட்டக்களப்புத் தளமும் வான்வழியே 41 கிலோ மீற்றர் மாத்திரம். அங்கிருந்து இங்கே பறப்பது வேடிக்கையாகவே முடியும். ஆனால் 290 கிலோ மீற்றர், அதிலும் தரைவழி வளைந்து வளைந்து போகும் 290 கிலோ மீற்றர், விமானம் தன் தகுதியைக் காட்டும் தூரம். கல்முனையில் காலை ஆறு மணிக்குப் புறப்படுகிறவர் ஏழு மணிக்கு மட்டக்களப்பு நிலையத்தில் நிற்கலாம்; எட்டு மணிக்கு ஏறலாம்; ஒன்பது மணிக்குப் பலாலியில் இறங்கலாம். அன்று மாலையே வீடு திரும்பலாம். இரவைச் சாலையில் கழித்து, மறுநாளை அலுப்பிற் கழித்து, அடுத்த இரவையும் சாலையிற் கழிக்கும் இன்றைய ஏற்பாட்டோடு இதை ஒப்பிட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.

ஈண்டு நமது கரையோரத்தாரிடையே எழும் ஒரு குரலுக்கும் பதில் கூறவேண்டும். ‘மட்டக்களப்பு எதற்கு? உகணையைத் திறந்தாலென்ன? கல்முனைக்கே ஒரு விமான நிலையம் கேட்டாலென்ன?’ என்று தேர்தல் மேடைகளில் முழங்குவோர் இருக்கிறார்கள். கைதட்டலும் கிடைக்கிறது. இதில் நமது கருத்து சிலருக்குக் கசக்கலாம். கல்முனைக்கு விமான நிலையம் வேண்டாம். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரையில் கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒரு நாடாவைப் போல் ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில், வீட்டுக்கு வீடு மதில் ஒட்டி நிற்கும் நெருக்கத்தில், ஓடுபாதைக்கு இடம் எங்கே? வட்டைகளை அழித்துத்தான் அது வரவேண்டும். நெல் விளையும் பூமியைத் தார் பூசி மூடுவதற்கு எந்தப் போடியாரும் உடன்படார், உடன்படவும் கூடாது. 2013 மார்ச்சில் மத்தளையிலே கட்டிய கதை கண்முன் நிற்கிறது. 20 கோடி டொலருக்கு மேல் விழுங்கிய அந்த நிலையம் ஆண்டொன்றுக்குப் பத்து லட்சம் பயணிகளுக்கென அமைக்கப்பட்டது. பயணிகள் வரவில்லை. 2015இல் அதன் சரக்குக் கூடத்திலே நெல் மூட்டைகளை அடுக்கினார்கள். நெல்லுக்குக் களஞ்சியம் வேண்டுமென்று அம்பாறை உழவர் கேட்டபோதெல்லாம் காசில்லை என்றவர்கள், கடன் வாங்கிக் கட்டிய விமான நிலையத்தை நெற்களஞ்சியமாக்கினார்கள்! அதே 2013இல் நமது ஒலுவிலிலே திறந்துவைத்த துறைமுகம் மண்மூடிப் போனதையும், அதன் அலைதடுப்பு நிமித்தம் கரையைக் கடல் தின்றதையும், தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்ததையும் ஒலுவில், நிந்தவூர் மக்களுக்கு நாம் எடுத்துக்கூற வேண்டியதில்லை. பெயர்ப்பலகைக்காகக் கட்டும் கட்டடங்கள் போதும். கட்டியிருப்பதைப் பயன்படுத்துக என்பதே நமது கோரிக்கை.

கல்முனையிலிருந்து உகணைக்குப் போவதற்கும் மட்டக்களப்புக்குப் போவதற்கும் பெரிய வித்தியாசமில்லை. முன்னது சற்றுக் கிட்ட. பின்னது சிவில் நிலையம். உகணை விமானப்படையின் தளமாகவே இருக்கிறது. அதைத் திறக்கச் சொல்வதில் தவறில்லை; ஆனால் அதைத் திறக்கும் வரையில் இதைத் தொடேன் என்று இருப்பது பிள்ளைத்தனம்.

அடுத்ததாக, ‘விமானம் பணக்காரர் ஏறுவது, உழவனுக்கு அதில் என்ன?’ என்று கேட்பாருக்கு வருவோம். கேள்வி நியாயமானது. பெரும்போகத்து வெள்ளாமை வெள்ளத்திலே போன ஆண்டில், உரக்கடைக் கடனைத் தீர்க்க வழியற்ற விவசாயியிடம் விமானச் சீட்டைப் பற்றிப் பேசுவது எரிச்சலூட்டும். பன்னிரண்டு பேர் விமானத்தின் கட்டணம் அத்தனை பேராலும் பங்கிடப்படுவதால் அது ஏழைக்கு எட்டாது என்பதும் மெய். இதனாலேதான் இதை வியாபாரிகளின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது என்கிறோம். பஸ் சேவை எல்லா வழியிலும் இலாபம் தருவதில்லை; ஆயினும் அரசாங்கம் கிராமத்துக்குப் பஸ் விடுகிறது. தபாற்காரர் இலாபம் பார்த்துக் கடிதம் கொண்டுபோவதில்லை. தூரத்தால் நலிந்த பகுதிகளுக்கு வான்வழியையும் அவ்வாறே பொதுச் சேவையாகக் கருதும் நாடுகள் உள.

ஸ்கொத்லாந்தின் வடக்கே ஓர்க்னித் தீவுகளில், வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்னும் இரு சிறு தீவுகளுக்கிடையே 1967 முதல் விமானம் பறக்கிறது. தூரம் 2.7 கிலோ மீற்றர். நேரம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. உலகிலே கால அட்டவணைப்படி பறக்கும் சேவைகளுள் மிகக் குறுகியது அதுவே. பாப்பா வெஸ்ட்ரேயில் வாழ்வோர் நூறு பேரளவு. நாம் சற்று முன் 41 கிலோ மீற்றரையே வேடிக்கை என்றோம். அங்கே இடையில் இருப்பது கொந்தளிக்கும் கடல் என்பதனால் இரண்டு நிமிடமும் வேடிக்கையன்று. பிள்ளைகளுக்கு ஆசிரியர் வரவும் நோயாளிக்கு வைத்தியர் வரவும் அது வேண்டுமென்று கண்டு பொதுப் பணத்தில் நடத்துகிறார்கள். நூறு பேருக்காக ஓர் அரசு அவ்வாறு எண்ணுமாயின், இரு மாகாணங்களில் வாழும் இலட்சக்கணக்கானோருக்காக எண்ணுவது அளவுக்கு மீறிய ஆசையாகுமா?

அயலில் இந்தியா 2016இல் ‘உடான்’ என்ற திட்டத்தை வகுத்தது. சிறு நகரங்களுக்கிடையே பறக்கும் விமானத்தில் பாதியளவு இருக்கைகளை, ஒரு மணிப் பயணத்துக்கு 2,500 இந்திய ரூபா என்ற உச்சவரம்புக்குள் விற்கவேண்டும். நட்டத்தை அரசு ஈடுசெய்யும் என்பது ஏற்பாடு. அத்திட்டம் முற்றும் வெற்றி என்று நாம் கூறமாட்டோம். இந்தியக் கணக்காய்வாளர் நாயகம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வழங்கப்பட்ட வழிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் விமானம் பறக்கவே தொடங்கவில்லை. தொடங்கியவற்றிலும் பல, மானியம் முடிந்ததும் நின்றன. இதிலிருந்து படிப்பது யாதெனில், கோட்டை வரைபடத்தில் இழுத்தால் மாத்திரம் விமானம் பறக்காது. எந்த வழியில் உண்மையான போக்குவரத்து இருக்கிறதென்று முதலில் பார்க்கவேண்டும். பலாலி - மட்டக்களப்பு வழி தனித்து நிற்குமா என்பதில் நமக்கும் ஐயம் உண்டு. சென்னை - பலாலி விமானத்தின் தொடர்ச்சியாக, வாரத்தில் இரண்டு நாட்களாவது மட்டக்களப்பு வரையில் வந்து திரும்புமாறு ஒழுங்கு செய்தால், அது நிற்கும் என்றே கருதுகிறோம். வைத்தியத்துக்குப் போவோர், துணி எடுக்கப் போகும் கடைக்காரர், கல்விக்குப் போகும் பிள்ளைகள் ஆகியோர் அதை நிரப்புவர். அவர்கள் நிரப்பும் விமானத்தில் யாழ்ப்பாணம் போகும் சாதாரணப் பயணிக்கும் நியாயமான விலையில் ஓர் இருக்கை கிடைக்கும். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே போய்வரும் விரிவுரையாளரும் பரீட்சகரும் அதில் சேர்வர்.

யாழ்ப்பாணம் என்ற பெயரைக் கேட்டதும் மனம் கசக்கும் முஸ்லிம் அன்பர்கள் இக்கரையில் உள்ளனர் என்பதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலே வாழ்ந்த முஸ்லிம் மக்கள், எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ் நகரத்தாருக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். நேரத்தையும் தூரத்தையும் பற்றிப் பேசும் இந்தக் கட்டுரையில் அந்த இரண்டு மணி நேரத்தைக் கூறாமல் விடுவது எங்ஙனம்? ஒரு விமானச் சேவை அந்தக் காயத்தை ஆற்றிவிடும் என்று நாம் பிதற்றவில்லை. திரும்பிச் சென்று சோனகத் தெருவிலே இடிந்த வீட்டை எழுப்ப முயல்வோருக்கும், புத்தளத்திலேயே தங்கிவிட்டோருக்கும் வேண்டியது வேறு. அது காணியும் வீடும் நீதியும். ஆயினும், போக்குவரத்து அற்றுப்போன இரு பகுதியார் ஒருவரை ஒருவர் வதந்தியாலேயே அறிவர். பழைய நாளில் யாழ்ப்பாணத்துச் சுருட்டும் மருதமுனைக் கைத்தறிப் புடவையும் ஒன்றையொன்று தேடிப் போயின. வியாபாரம் ஒருவரையொருவர் நம்பச் செய்தது. வடக்கும் கிழக்கும் 1988 முதல் 2006 வரையில் காகிதத்திலே ஒரு மாகாணமாக இருந்தன. உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பால் 2007 தொடக்கத்திற் பிரிந்தன. இணைப்பு வேண்டும் என்போரும் உளர், வேண்டாம் என்போரும் உளர். அவ்விவாதம் எவ்வாறு முடியினும், இரு சாராருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கல்முனைக்கும் இடையில் ஓர் இரவுப் பயணம் தேவையற்றது என்பதில் பேதமிருக்க நியாயமில்லை.

சட்டத்துறையில் நிற்பவன் என்ற முறையில் மற்றொன்று கூறுவேன். நேரம் என்பது வசதி மட்டுமன்று. பல வேளைகளில் அது உரிமையே. அடிப்படை உரிமை மீறப்பட்டவர் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடவேண்டும். உயர் நீதிமன்றம் இருப்பது கொழும்பில். மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் நியாயாதிக்கமும், பிரதம நீதியரசர் வேறு விதமாகப் பணித்தாலன்றி, சாதாரணமாகக் கொழும்பிலேயே பிரயோகிக்கப்படுமென்று அரசியலமைப்பு கூறுகிறது. உழுத காணியை ஒரு நாள் காலையில் வனத்துக்குரியதென்று எல்லைக்கல் நட்டு மறித்துவிட்டால், பொத்துவில் விவசாயிக்கு அந்த ஒரு மாதம் கொழும்பு வாசிக்குள்ள ஒரு மாதமன்று. உறுதியைத் தேடி, பத்திரங்களைச் சேர்த்து, இரவுப் பஸ்ஸில் இரண்டு மூன்று முறை போய்வரவே அதில் பாதி கரைந்துவிடும். மட்டக்களப்பிலிருந்து இரத்மலானைக்கு வான்வழித் தூரம் 220 கிலோ மீற்றர்தான். சட்டப் புத்தகத்திலே எல்லாருக்கும் ஒரே முப்பது நாள். அதைத் தூரம் வெட்டிக் குறைக்கிறது.

இன்னொரு வகை நேரமும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி இக்கரையை வாரிக்கொண்டு போனபோது, இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை, பதினாயிரத்துக்கும் மேல், இழந்தது அம்பாறை மாவட்டமே. பாலமும் மதகும் உடைந்து சாலை அற்றுப்போன ஊர்களுக்கு வானமே வழியாயிற்று. ஆகவே விமானத் தளத்தைச் சுற்றுலாக்காரருக்குரிய ஆடம்பரமாக மட்டும் கருதுவோர் இக்கரையின் சரித்திரம் அறியாதவர்.

ஆனால் தளத்துக்குப் போகும் சாலையும் தளத்தின் ஒரு பாகமே என்பதை அதிகாரிகள் உணர்வதாய்த் தெரியவில்லை. 2024 நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே மாவடிப்பள்ளியில், வெள்ளம் மேவிப் பாய்ந்த வீதியில் உழவு இயந்திரம் ஒன்று அடித்துச் செல்லப்பட்டது. நிந்தவூர் மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிய சிறுவர்கள் மாண்டார்கள். கரையோரத்தை அம்பாறையோடும் உகணையோடும் இணைக்கும் பிரதான வீதி அது. மாரி காலத்தில் உகணைக்கு விமானம் வந்து இறங்கினாலும், ஏறவேண்டியவர் மாவடிப்பள்ளியைத் தாண்டமுடியாது நிற்பாரே! விமான நிலையம் கேட்டு மேடையில் முழங்குவோர் முதலில் அந்த வீதியை உயர்த்துவதற்கும் தண்ணீர் கடக்கப் போதிய பாலம் அமைப்பதற்கும் முழங்கட்டும். வடக்கே போகும் வழி அதைவிட மேல்: 2013இல் திறந்த புதிய கல்லடிப் பாலம் நிற்கிறது. அங்கே வேண்டியது கல்முனையிலிருந்து களுவாஞ்சிக்குடி வழியாக விமான நேரத்துக்கு ஒத்துப் புறப்பட்டு, நிலைய வாயில்வரை போகும் ஒரு பஸ். இதற்கு மத்திய மந்திரிசபையின் அங்கீகாரம்கூடத் தேவையில்லை. டிப்போ அதிகாரிகள் மனம் வைத்தாற் போதும்.

விமானத்துக்கு மாத்திரம் கொழும்பையே கேட்கவேண்டியிருக்கிறது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் வான்போக்குவரத்தையும் விமான நிலையங்களையும் மத்திய அரசின் ஒதுக்கப்பட்ட நிரலில் வைத்துவிட்டது. கிழக்கு மாகாண சபையும் வட மாகாண சபையும் ஒன்றுகூடித் தீர்மானம் நிறைவேற்றினாலும் ஒரு விமானத்தைப் பறக்கவிட அவற்றுக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் தம்மிடமே வேண்டும் என்று பிடித்துவைத்திருப்போர், அதனைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதற்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்கள்.

அக்கணக்கைக் கேட்பதற்குச் சட்டம் வழி தந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தப் பிரசையும் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், காரணம் கூறவேண்டியதில்லை, பதினான்கு வேலை நாட்களுள் தீர்மானம் அறிவிக்கப்படவேண்டும், மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கும் மேல் ஆணைக்குழு உண்டு. மட்டக்களப்பு ஓடுபாதையில் ‘ஏ.டி.ஆர். 72’ விமானம் முழுச் சுமையோடு இறங்கி ஏற இயலுமா, இயலாதெனில் எத்தனை மீற்றர் குறைவு, அதை நீட்டுவதற்கு எவ்வளவு செலவு மதிக்கப்பட்டிருக்கிறது, எவருடைய காணியாவது எடுக்கப்படுமா என்பதைக் கேளுங்கள். பலாலி - மட்டக்களப்பு வழியில் சேவை நடத்த 2018க்குப் பின் எந்த நிறுவனமாவது அனுமதி கோரியதா, கோரியிருப்பின் கொடுத்த பதில் என்ன என்று கேளுங்கள். இவ்வழியில் எத்தனை பேர் பயணம் செய்வர் என்று ஒரு முறையாவது ஆராய்ந்ததுண்டா, அந்த ஆய்வின் பிரதி எங்கே என்று கேளுங்கள்.

சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்கும் விமான நிலைய நிறுவனத்துக்கும் தனித்தனியே எழுதவேண்டும். விவசாய அமைப்புக்களும் வர்த்தக சங்கங்களும் பள்ளிவாசல் பரிபாலன சபைகளும் ஆலய அறங்காவலரும் தத்தம் பெயரில் எழுதலாம்; ஆனால் விண்ணப்பத்திற் கையொப்பமிடுவது ஒரு தனிப் பிரசையாக இருத்தல் பின்னர் எழும் சட்ட வாதங்களைத் தவிர்க்கும். அனுப்பிய திகதியைக் குறித்துவையுங்கள். பதிவுத் தபாற் சிட்டையைப் பத்திரப்படுத்துங்கள். வரும் விடைகளை, அவை எம்மொழியில் வந்தாலும், நமக்கு அனுப்பிவைத்தால் வந்த ஒழுங்கிலேயே இப்பத்தியில் வெளியிடுவோம்.